வாழைக்கன்றும் களியல் கம்பும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் வட்டாரத்தில் உயிரிப் பாதுகாப்பு, அதாவது நோயும் பூச்சியும் இடம்விட்டு இடம் பரவாமல் தடுப்பது பற்றிப் பாட்டுக் கட்டி ஆடும் போட்டி வைக்கிறார்கள். மகளிர் குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் சேர்கிறோம். ஐந்து நிமிடம்தான். வைரஸ், தனிமைப்படுத்தல், சட்டம் எல்லாம் வைத்து எழுதிப் பார்த்தோம்; மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. வட்டமாக நின்று கம்படித்து ஆடும் களியல் ஆடலாம் என்றால், அது ஆண்கள் ஆட்டம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

எஸ்., திருவட்டாறு பக்கம்

அன்புள்ள எஸ்.,

கட்டாயம் கலந்துகொள்ளுங்கள். ஆனால் உயிரிப் பாதுகாப்பு என்ற சொல்லையே பாட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஒரே ஒரு வாழைக்கன்றைப் பற்றிப் பாடுங்கள். கல்யாணத்துக்குப் போன வீட்டில் "நல்ல மட்டியாக்கும், ஒரு கன்னு கொண்டு போ" என்று மட்டி வாழைக்கன்றைச் சாக்கில் கட்டித் தருவார்கள் அல்லவா? முடிக்கொத்து என்ற வாழை வைரஸ் நோய் ஊர்விட்டு ஊர் போவது அந்தச் சாக்கில்தான். நோய் ஏறிய கன்று வாரக்கணக்கில் நல்ல கன்று மாதிரியே நிற்கும்.

எங்கள் விளைக்கும், அதுதான் தோட்டத்துக்கும், அப்படி ஒரு கன்று வந்தது. கொஞ்ச நாளில் புது இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றன. ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நரம்போடு கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, தந்தி அடித்த மாதிரி. பதறிப்போய் அன்றைக்கே பிடுங்கி வரப்பில் போட்டோம். அதுதான் தப்பு. மட்டையிடுக்கில் சாறு உறிஞ்சும் கருத்த அசுவினிப் பேன் கூட்டமாக இருந்திருக்கிறது. மரம் வாடியதும் அவை நோயைச் சுமந்துகொண்டு பக்கத்து வாழை மூடுகளுக்கு ஏறிவிட்டன. அந்த வரிசையில் ஏழு மூடு போயிற்று. எல்லாம் அம்மா வைத்தவை.

நோய் வந்த வாழையைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும், அப்புறம் வெட்ட வேண்டும், பிறகு கிழங்கைத் துண்டு மிச்சமில்லாமல் தோண்டி அழிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கெட்டது. வரிசையை மனசில் நிறுத்தப் பாட்டையும் அடவையும் விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

மட்டையிடுக்கில பேனிருக்கு, கொல்லு முதல்லே
மருந்தடிச்சி முடிஞ்ச பின்னே வெட்டு மரத்தே
மூட்டோட தோண்டு, கிழங்கைத் தோண்டு, மிச்சம் வைக்காதே
முளைச்சி வந்தா நோயும் வரும், மறந்து போகாதே

ஒவ்வொரு வரிக்கும் ஒரு கம்படி. வரியை மாற்றிப் பாடினால் அடி பிசகும்படி அமையுங்கள்.

களியலைப் பெண்கள் ஆடினால் என்ன? நல்ல ஆசானிடம் அடி கற்றுக்கொண்டு ஆடுங்கள். நடுவில் குத்துவிளக்கு, பக்கத்தில் ஒரு வாழைக்கன்று. மெல்லச் சுற்றித் தொடங்குங்கள். அசுவினி நெருக்கம் கூடினால் இறக்கை முளைத்தவை பிறந்து வேறு மரத்துக்குப் பறக்கும். அந்த இடத்தில் தாளம் முடுக, ஆறு பேர் வட்டத்தைவிட்டுப் பிரிந்து வேறொரு கன்றைச் சுற்றட்டும். நோய் பரவுவது வார்த்தையே இல்லாமல் விளங்கிவிடும்.

நடுவர்கள் கேட்டால் சொல்ல ஒன்று. 1920களில் ஆஸ்திரேலியாவின் வாழைத் தொழிலையே சாய்த்த நோய் இது. கன்றும் அசுவினியும்தான் இதன் வழி என்று மகீ என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். கன்று நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தி, நோய் மரங்களைத் தோட்டம் தோட்டமாகத் தேடி அழித்துத்தான் அங்கே மீண்டார்கள். ஒருத்தர் மட்டும் செய்து தீராது. அதனால்தான் இது ஊர் கூடி ஆட வேண்டிய விஷயம் என்கிறேன். நம் மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நிற்க வேண்டியது நம் விளைகளில் அல்லவா?

கடைசிச் சரணத்தைப் பக்கத்து விளைக்காரருக்கு எழுதுங்கள். "குலை தள்ளிடும், விடுங்க" என்று வெட்ட மனசில்லாமல் மரத்தைத் தடவிக்கொண்டு நிற்பாரே, அவருக்கு. அவரைக் குற்றம் சொல்லாமல் கையைப் பிடித்துக் கூப்பிடுகிற மாதிரி வர வேண்டும். அதை எழுதியதும் முதலில் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி