மிகத் துடிப்பான ப்ளூஸ் ராக் ஆல்பம் எது? கிட்டார் பழகுபவர் அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால், 'டெக்சஸ் ஃப்ளட்'. டெக்சஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானும் அவருடைய டபுள் ட்ரபிள் குழுவும் வாசித்தது. எபிக் நிறுவனம் 1983 ஜூனில் வெளியிட்டது. பத்துப் பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டு கிட்டாரை எடுப்பவர்களில் பாதிப் பேர் முதலில் செய்வது, ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் குமிழைத் திருகி ஏற்றுவது. ஒலி இரையும், ஆனால் அந்தத் துடிப்பு வராது. ஏனென்றால் இந்த ஆல்பத்தில் கிட்டார் ஏறக்குறைய சுத்தமான ஒலியில்தான் இருக்கிறது. அந்த முறுக்கு வலது கையின் வீச்சிலிருந்தும், இடது கை எந்தெந்தக் கம்பியை ஒலிக்காதபடி அடைத்து வைக்கிறது என்பதிலிருந்தும் வருகிறது. டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, ஏற ஏற, பலமாக அடிப்பதற்கும் மெல்லத் தொடுவதற்கும் உள்ள வித்தியாசம் நசுங்கிப் போகும். அந்த வித்தியாசம் போனால் இந்த இசையில் மிச்சம் ஒன்றுமில்லை.

பதிவான விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1982 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஜாஸ் விழாவில் இந்தக் குழு வாசித்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டு எதிர்த்தது. அதே பயணத்தில் அவர்களைக் கேட்ட பாடகர் ஜாக்சன் பிரவுன், லாஸ் ஏஞ்சலிசில் இருந்த தன் ஸ்டுடியோவைக் காசு வாங்காமல் திறந்துவிட்டார். அந்த ஆண்டு நவம்பரில் மூன்றே நாள் வேலை. டெமோ போடுகிறோம் என்ற நினைப்பில்தான் போனார்கள். மூன்று பேரும் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசித்தார்கள். குரலைப் பிறகு ஆஸ்டினில் சேர்த்தார்கள். ஒலிப்பதிவு ரிச்சர்ட் மல்லன். நிர்வாகத் தயாரிப்பு ஜான் ஹாமண்ட். இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், மூவர் குழுவில் ரிதம் கிட்டார் என்று தனியாக ஓர் ஆள் கிடையாது. பேஸ் டாமி ஷானன், டிரம்ஸ் கிறிஸ் லேட்டன். மற்ற இடம் முழுவதையும் ஒரே கிட்டார் நிரப்பியாக வேண்டும். வானின் வாசிப்பு அப்படி அமைந்ததற்கு இதுதான் காரணம்.

முதலில் சுருதி. ஆல்பத்தில் கிட்டார் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. தடித்த கம்பியிலிருந்து: ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், ஜி ஃப்ளாட், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட். நம் கச்சேரிக் கணக்கில் மூன்று கட்டை இரண்டரைக் கட்டை ஆகிறது. வழக்கமான சுருதியில் வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பார்த்து, காது சரியில்லையோ என்று சந்தேகப்படுபவர்கள் நிறைய. காதில் கோளாறில்லை, ட்யூனரை மாற்றுங்கள்.

அடுத்து கம்பி. வான் போட்டது 13, 15, 19, 28, 38, 58. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு இது. கடையில் வாங்கும் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட்டாரில் பெரும்பாலும் 9-லிருந்து 42 வரைதான் வரும். மெல்லிய கம்பியை ஓங்கி அடித்தால் அடித்த கணத்தில் சுருதி சற்று மேலே தாவிவிட்டுத் திரும்பும். தடித்த கம்பி அவ்வளவாக அசையாது. ஓங்கி அடிக்கிறவருக்குத் தடித்த கம்பி வேண்டியிருப்பது அதனால்தான். ஆனால் நேரே 13-க்குப் போகாதீர்கள். அரை ஸ்வரம் இறக்கிய 11-49 செட், வழக்கமான சுருதியில் 10-46 தரும் இழுவிசையைவிடச் சற்றுத்தான் கூடுதல். விரல் அதற்குத் தாங்கும். வானுக்கே விரல்நுனி கிழிந்து சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்த கதை உண்டு. அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

கம்பியின் தடிமனை மாற்றினால் கிட்டாரையும் சரிசெய்தாக வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் "தடித்த கம்பி போட்டேன், ட்யூனிங்கே நிற்கவில்லை" என்ற புலம்பல் வருகிறது.

நட்டில், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் சிறு துண்டில், உள்ள பள்ளம் மெல்லிய கம்பிக்கு வெட்டப்பட்டது. தடித்தது அதில் முழுதாக உட்காராது. ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டுச் சுருதி குதித்தால், கம்பி அங்கே சிக்குகிறது என்று பொருள். நட் அரத்தால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். பழக்கமில்லை என்றால் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், ஆழம் கொஞ்சம் கூடிவிட்டாலும் புது நட்தான் போட வேண்டும். பிறகு பின்பக்கத்து ஸ்பிரிங். கம்பி இழுக்கும் விசை கூடியதால், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் முன்பக்கமாக எழுந்திருக்கும். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளையும் அரைச் சுற்று இறுக்குங்கள், மறுபடி ட்யூன் செய்யுங்கள், பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு அரைச் சுற்று. மூன்று ஸ்பிரிங் போதாவிட்டால் ஐந்து. கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்க்க, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள்: விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு, அதாவது கால் மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். அதிகமென்றால் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, சிறிது நேரம் விட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்றுத் திருகுவது வம்பை விலைக்கு வாங்குவது. கடைசியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (அழுத்தாமல் இலேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வானிடம் இருந்தவை 1964-ஐச் சேர்ந்த ஃபெண்டர் வைப்ரோவெர்ப் இரண்டு. 15 அங்குல ஸ்பீக்கர் கொண்டவை. இந்தப் பதிவில் பிரவுனின் டம்பிள் ஆம்ப்ளிஃபயரும் பயன்பட்டது. இவையெல்லாம் நமக்கு எட்டாத விலை, எட்டவும் வேண்டாம். வீட்டில் உள்ள சிறிய ஆம்ப்ளிஃபயரில் கெயினை இரண்டு மூன்றில் வைத்து, பேஸைக் குறைத்து, மிட்டை ஏற்றுங்கள். ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் இருந்தால் டிரைவ் ஏறக்குறைய பூஜ்யத்தில், லெவல் நல்ல உயரத்தில். அந்தப் பெடல் கீழ் ஒலியைக் கொஞ்சம் வெட்டி நடு ஒலியைத் தூக்கும். ஸ்ட்ராட்டில் இயல்பாகக் குறைவது அந்த நடு ஒலிதான். டிரைவைக் கூட்டினால் மறுபடி பழைய இரைச்சலுக்கே வந்து நிற்பீர்கள்.

இனி 'பிரைட் அண்ட் ஜாய்'. மொத்த ஆல்பத்துக்கும் திறவுகோல் இந்த ஒரு பாட்டு. ஈ, ஏ, பி என்ற மூன்றே கார்டு, பன்னிரண்டு பார் (தாள அளவு) கொண்ட சுற்று. தாளம் ஷஃபிள். திஸ்ர நடை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: ஒவ்வொரு அடியும் 'தகிட'. அதில் 'த' ஒலிக்கும், 'கி' மௌனம், 'ட' ஒலிக்கும். 'த' விழும் இடத்தில் டவுன் ஸ்ட்ரோக்கில் தடித்த கம்பியின் பேஸ் ஸ்வரம், கூடவே அடைத்த கம்பிகளின் 'சக்' என்ற சத்தம். 'ட' விழும் இடத்தில் அப் ஸ்ட்ரோக்கில் மெல்லிய இரண்டு மூன்று கம்பிகள் மட்டும் பளிச்சென்று. பேஸ் நடந்துகொண்டே இருக்கிறது, கார்டு இடையிடையே தெறிக்கிறது. இரண்டு பேர் வாசிப்பதுபோலக் கேட்பது இதனால்தான்.

பழகும் வரிசை: கம்பி ஆறையும் இடது கையால் முழுதாக அடைத்துவிட்டு, மெட்ரோனோமை 70-இல் வைத்து, 'த-ட, த-ட' என்று வெறும் சத்தம் மட்டும் ஐந்து நிமிடம். இதைத் தாண்டிக் குதித்தால் பிறகு எதுவும் சரியாக உட்காராது. அது நிலைத்த பிறகு பேஸ் ஸ்வரத்தைச் சேர்க்கவும். அப் ஸ்ட்ரோக்கின் மெல்லிய கம்பிகளைக் கடைசியாகத் திறந்துவிடவும். வேகத்தை ஐந்து ஐந்தாகக் கூட்டலாம். பாட்டின் வேகம் 120-க்குச் சற்று மேலே.

பொதுவாகச் சறுக்கும் இடம் அப் ஸ்ட்ரோக்தான். பிக் ஆறு கம்பிகளையும் உரசிக்கொண்டு மேலே வரும். உடனே எல்லாம் கலந்து கூழாகிவிடும். மிக மெல்லிய கம்பியை முதலாக எண்ணி மூன்றாவது கம்பியைத் தாண்டியதும் கை வெளியே சுழன்று போய்விட வேண்டும். 90, 100 வரும்போது மணிக்கட்டு இறுகும். விரலில் ஒட்டிய தண்ணீரை உதறுவோமே, அந்த அசைவு முன்கையில் வர வேண்டும். தோள் இறுகினால் நிறுத்தி 80-க்குத் திரும்புங்கள். இடது கைக் கட்டைவிரல் கழுத்தைச் சுற்றி மேலே வந்து தடித்த கம்பியைத் தேவைக்கேற்ப அடைக்கும் வேலையைச் செய்யட்டும். நேர்த்தியான பிடி என்று கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லும் பாடம் இங்கே உதவாது. இன்னொரு சின்ன விஷயம்: வான் பிக்கைத் திருப்பி, அதன் உருண்டையான முனையால்தான் அடித்தார். கம்பியில் சிக்காமல் வழுக்கிச் செல்லும், ஒலியும் தடிக்கும். செலவில்லாமல் இன்றே செய்து பார்க்கலாம்.

'ஐ'ம் க்ரையின்' ஏறக்குறைய இதே பாட்டின் தம்பி. தனியாக நேரம் செலவிட வேண்டாம். ஆல்பத்தில் நான் தாண்டிவிட்டுப் போகும் ஒரே இடமும் அதுதான்.

தலைப்புப் பாட்டு 'டெக்சஸ் ஃப்ளட்', லாரி டேவிஸ் 1958-இல் பாடியது. மெதுவான பன்னிரண்டின் கீழ் எட்டு (12/8) தாளம்; விரல் பிடிப்பு ஜி-யில். இங்கே கவனிக்க வேண்டியது பெண்ட், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது. மூன்றாவது ஃப்ரெட்டில் தொடங்கும் விரல் அமைப்பில், இரண்டாவது கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டை ஒரு முழு ஸ்வரம் தள்ளினால் ஜி வர வேண்டும். முதல் கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டும் அதே ஜி. அதை ஒலித்துக்கொண்டே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினால் எட்டாது. மோதிர விரலுக்குப் பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தள்ள வேண்டும், விசை மணிக்கட்டின் சுழற்சியிலிருந்து வர வேண்டும். மூன்றாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டை மட்டும் கால் ஸ்வரம் போல இலேசாக நகர்த்தி விடுங்கள். சிறிய காந்தாரமும் இல்லை, பெரியதும் இல்லை, நடுவில் ஓர் இடம். கமகம் கேட்டுப் பழகிய காது அதை எளிதில் கண்டுபிடித்துவிடும். ஆனால் அங்கே ஊஞ்சலாட்டிக்கொண்டே இருந்தால் ப்ளூஸ் போய்விடும். தொட்டதும் விட வேண்டும்.

'ரூட் மூட்' வேகத்தைப் பார்த்து மிரளாதவர் இல்லை, மெட்ரோனோமில் 250-ஐத் தாண்டும். அதுவும் ஷஃபிள்தான், மேலே சொன்ன அதே கை. பாதி வேகத்தில் முழுப் பாட்டையும் தடுமாறாமல் வாசிக்கும்வரை உண்மையான வேகத்தைத் தொடாதீர்கள். 'டெஸ்டிஃபை' ஐஸ்லி பிரதர்ஸ் பாட்டு. அவர்களுடைய 1964 பதிவில் கிட்டார் வாசித்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நல்ல பாடம்.

கேட்கும்போது கைபேசி ஸ்பீக்கர் வேண்டாம், ஷானனின் பேஸ் அதில் வராது. ஹெட்ஃபோனில் முதல் முறை பேஸை மட்டும், இரண்டாம் முறை லேட்டனின் ஹை-ஹாட் தாளத் தட்டை மட்டும் பின்தொடருங்கள். கிட்டார் மூன்றாம் முறைக்கு. 1999-இல் வந்த பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். அதே அமர்வில் பதிவாகி ஆல்பத்தில் சேராத 'டின் பேன் ஆலி' அதில் இருக்கிறது. 2013 பதிப்பில் ஃபிலடெல்பியாவில் 1983 அக்டோபரில் நடந்த கச்சேரி ஒன்று இரண்டாவது வட்டாகச் சேர்ந்திருக்கிறது. ஆல்பத்தில் உள்ள அதே பாட்டுகள் மேடையில் என்ன வேகத்துக்குப் போகின்றன என்று அங்கே மெட்ரோனோமை வைத்துப் பாருங்கள்.