திசு வளர்ப்புத் தேக்கு கருகுகிறது: மருந்து வேண்டாம்

கேள்வி: பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம், 4,000 அடி உயரத்தில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். நிழலுக்கும் ஆகும், பின்னால் மரமாகவும் விற்கலாம் என்று திசு வளர்ப்புத் தேக்கு 200 கன்று வாங்கி ஜூன் மழையில் நட்டேன். பத்தே வருடத்தில் வெட்டலாம் என்றார் ஏஜென்ட். இலை ஓரம் கருகி 60 கன்று போய்விட்டது. புள்ளி, பூசணம் எதுவும் இல்லை. கடையில் பூஞ்சைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். எதை அடிக்கலாம் ஐயா?

பதில்: எதையும் அடிக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோய் இல்லை. கன்றை வெளிக்காற்றுக்குப் பழக்காமல் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். திசு வளர்ப்பு என்றால் தாய்மரத்தின் சிறு துண்டை ஆய்வகக் குடுவையில் கன்றாக்குவது. அங்கே சர்க்கரைக் கூழில், ஈரக்காற்றில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு சரியாக இருக்காது, இலைத்துளையும் வேண்டிய நேரத்தில் மூடாது. அதனால் ஈரப்பதம் காக்கும் கூடாரம், நிழல்வலை, அப்புறம் வெயில் என்று வாரக்கணக்கில் பழக்க வேண்டும். நர்சரிக்காரர்கள் காசு மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான். வாங்கும்போது இலையைத் தடவிப் பாருங்கள். பழகிய தேக்கு இலை சொரசொரப்பாக இருக்கும். வழவழவென்று மெல்லிசாக இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது தாய்மரம். திசு வளர்ப்பு தாயை அப்படியே நகலெடுக்கும். கோணல் மரத்திலிருந்து எடுத்தால் 200 கன்றும் கோணல்தான். உங்கள் மலையில் விருப்பாச்சி வாழைக்கு வைரஸால் பரவும் முடிக்கொத்து நோய் வந்தபோது, வைரஸ் இல்லை என்று சோதித்த திசுக் கன்றுதான் கைகொடுத்தது. ஆனால் வாழையில் தாய் தவறினால் ஒன்றிரண்டு வருடத்தில் தெரிந்துவிடும். மரத்தில் தெரியப் பல வருடம் ஆகும். தாய்மரம் எங்கே நிற்கிறது, வயது என்ன, குளோன் (ஒரே தாயின் நகல் ரகம்) பெயர் என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தராதவரிடம் ஒரு கன்றும் வாங்காதீர்கள். பத்து வருடக் கதையையும் நம்பாதீர்கள். அந்த வயதில் வைரம் (விலை போகும் உறுதியான நடுக்கட்டை) கொஞ்சம்தான் பாய்ந்திருக்கும், பெரும்பகுதி வெளிப்பக்க வெள்ளைக்கட்டைதான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, காபிக்குள் தேக்கு எதற்கு என்பதை. அது தாழ்ந்த, வெக்கையான நிலத்து மரம். 4,000 அடியில் சோம்பித்தான் வளரும். காபிக்கு நிழல் தேவைப்படும் கோடையில் மொத்த இலையையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். நிழலுக்கு சில்வர் ஓக்கையும் பலாவையும் வையுங்கள். அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார்.

மிச்சமுள்ள 140 கன்றுக்கு மேற்குப் பக்கம் தழை மறைப்பு வைத்து, தூரில் மூடாக்கு போடுங்கள். புதிதாக வரும் இலை கருகாமல் விரிந்தால் மறைப்பை எடுத்துவிடலாம். செத்த இடத்தில் மறுபடி தேக்கு வைக்க வேண்டாம்.