காலையில் வரும் வயிற்றுவலியும் இன்னும் சில கேள்விகளும்

மகள் தரம் 4. பள்ளி நாட்களில் மட்டும் விடிய எழும்பினதும் வயிறு வலிக்குது என்று அழுகிறாள். சனி, ஞாயிறில் ஒன்றும் இல்லை. நடிக்கிறாள் என்கிறார் அவளுடைய அப்பா. எங்கே காட்டுவது, எவ்வளவு செலவாகும்? (வெள்ளவத்தை)

நடிப்பு இல்லை. பயம் வந்தால் குடல் உண்மையிலேயே முறுக்கும், வலியும் உண்மையான வலிதான். ஆனாலும் உடம்பில் வேறு கோளாறு இல்லை என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டுங்கள். "பள்ளி நாளில் மட்டும்தான் வலி" என்பதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தேவையென்று கண்டால் அங்கிருந்தே மனநல கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. பஸ் காசும் அரை நாளும்தான் செலவு.

கிளினிக் நாள் வரும்வரை ஒரு கொப்பியில் இரண்டு வாரத்துக்கு எழுதிவையுங்கள். நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, நீங்கள் செய்தது, இவ்வளவு போதும். உதாரணத்துக்கு: "திங்கள், 6.10. சப்பாத்து போடும்போது வலி. வீட்டில் விட்டோம். 8.30க்கு நாலு இடியப்பம் சாப்பிட்டாள், கார்ட்டூன் பார்த்தாள்." "எப்ப பார்த்தாலும் வலி என்கிறாள்" என்று பத்து நிமிடம் பேசினாலும் இந்த ஒரு பதிவு சொல்வதைச் சொல்ல முடியாது. வலி சப்பாத்தோடு வருகிறதா, வான் ஹோர்ன் கேட்டதும் வருகிறதா, கணிதம் உள்ள நாளில் மட்டும் வருகிறதா என்பதில்தான் காரணம் ஒளிந்திருக்கும். புலமைப்பரிசில் வகுப்பு, வானில் பக்கத்தில் இருக்கும் பெரிய பிள்ளை, பூட்டில்லாத டொய்லெட் எல்லாவற்றையும் விசாரியுங்கள். கொப்பியோடு சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடும் வகுப்பாசிரியையின் சிறு கடிதமும் இருந்தால் நல்லது.

அதுவரை வீட்டில் வைத்திருப்பதா? வேண்டாம். வீட்டில் கழியும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும். அதிபரிடம் பேசி, முதல் சில நாட்கள் இரண்டு பாடவேளை மட்டும், பிறகு இடைவேளை வரை, பிறகு முழு நாள் என்று ஏற்றுங்கள். வீட்டில் நிற்கும் நாளில் டிவியும் ஃபோனும் பள்ளி விடும் நேரம் வரை இல்லை. இந்த ஏற்பாடு குலைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: அம்மா உறுதியாக நிற்பார், அம்மம்மா "இன்றைக்கு மட்டும் விடுங்கோவன்" என்பார். அழுதால் நிற்கலாம் என்று பிள்ளை அன்றைக்கே கற்றுக்கொள்ளும். எனவே வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள். பள்ளியில் யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று தெரிந்தால் இந்தப் படிமுறை பொருந்தாது. உடனே சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள்.

சனல் பண்ணிக் (தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்து) காட்டினால்தான் வடிவாகப் பார்ப்பார்கள் என்கிறார்களே? (தெஹிவளை)

பின்னேரம் தனியாரில் சனல் பண்ணும் விசேட வைத்தியர் காலையில் அரச கிளினிக்கில் இருப்பவராகவும் இருக்கலாம். தனியாரில் காத்திருப்பு குறையும், அது உண்மை. ஆனால் பிள்ளைக்குத் தேவைப்படுவது பல தடவை பார்ப்பதும், பேச்சு சிகிச்சையாளர், சமூக சேவை உத்தியோகத்தர் போன்றோர் சேர்ந்து பார்ப்பதும். அது பெரிய அரச வைத்தியசாலைகளில்தான் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். மூன்று தடவை சனல் பண்ணிக் காசு முடிந்து பாதியில் நிறுத்துவதைவிட, ஒரு மாதம் காத்திருந்து தொடர்ந்து போவது மேல்.

எனக்குச் சிங்களம் அவ்வளவு ஓடாது. மகன் நன்றாகப் பேசுவான், அவனையே சொல்லவைக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

கூடாது. தன்னைப் பற்றி அம்மா கவலைப்படுவதை அவனே மொழிபெயர்த்தால் பாதியை விழுங்கிவிடுவான். துண்டு எடுக்கும்போதே தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் சிங்களம் தெரிந்த, வாய் காக்கக்கூடிய ஒரு பெரியவரைக் கூட்டிப் போங்கள். தொலைபேசியில் என்றால் முதல் வாக்கியமே "தமிழில் பேச வேண்டும்" என்று இருக்கட்டும்.

பேரனுக்கு இரண்டரை வயது, இன்னும் பேச்சு இல்லை. அவன் அப்பாவும் பிந்தித்தான் பேசினார். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், அதனால் குழம்புகிறானோ? (மட்டக்குளி)

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தடைப்படாது. "ஒரு மொழியில் மட்டும் பேசுங்கள்" என்ற அறிவுரை எங்கிருந்து பரவியதோ, அதை விட்டுவிடுங்கள். இரண்டு வயதில் "பால் தா" மாதிரி இரண்டு சொல் சேர வேண்டும். இரண்டரையிலும் பேச்சு இல்லை என்றால் அப்பாவின் கதையை வைத்துக் காத்திருக்க முடியாது. பெயர் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் காட்டுகிறானா என்று கவனித்துக்கொண்டு, உங்கள் பகுதி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டோடு போங்கள். முதலில் கேட்கும் திறன் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கதவு தட்டினால் திரும்புகிறான் என்பது காது சரி என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சாப்பாட்டு நேர ஃபோனை நிறுத்துவதில் தொடங்கலாம்.

மகளுக்கு 15 வயது. "செத்துப்போனால் நல்லம்" என்று ஒரு தடவை சொன்னாள். கேட்டால் எண்ணத்தை நாமே ஊட்டுவதாகிவிடுமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வருமா? (வத்தளை)

கேட்பதால் எண்ணம் வராது, ஒளித்துவைத்திருந்தால் வெளியே வரும். தனியாக இருக்கும்போது நேராகக் கேளுங்கள்: "சாகவேண்டும் என்று நினைக்கிறாயா? எப்படி என்று யோசித்திருக்கிறாயா?" யோசித்திருக்கிறேன் என்றால் அன்றைக்கே கூட்டிப் போங்கள், அதுவரை தனியே விடாதீர்கள். எந்த நேரமும் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். வீட்டு மருந்தெல்லாம், பனடோல் உட்பட, பூட்டுக்குள் போகட்டும். அளவுக்கு மீறி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால், நன்றாக இருக்கிறாள் என்று ஏமாறாமல் வெற்று அட்டையோடு உடனே ஓடுங்கள். பனடோலில் உள்ள பரசிட்டமோல் ஈரலைத் தாக்குவது முதல் நாளில் வெளியே தெரியாது. அதற்கான முறிமருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1998இல் நீக்கப்பட்டது. வழக்கு வரும் என்று பயந்து ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

குழந்தைக்கு இரண்டு மாதம். எனக்குத்தான் காரணமில்லாமல் அழுகை வருகிறது. இதற்கும் இலவச உதவி உண்டா? (நாரஹேன்பிட்டி)

உண்டு. வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், வரவில்லை என்றால் எம்ஓஎச் பணிமனையில் கேளுங்கள். எடின்பரோ வினாத்தாள் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒன்று இருக்கிறது, கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்கும். மாமி பக்கத்தில் இருந்தால் உண்மையாக நிரப்ப முடியாது, தனியாக நிரப்பித் தருவதாகச் சொல்லுங்கள். பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதற்கு உங்கள் பதில் "ஒருபோதும் இல்லை" என்பதாக இல்லாவிட்டால், தாளில் குறித்ததோடு நிற்காமல் மிட்வைஃபிடம் வாயாலும் சொல்லுங்கள், அன்றைக்கே.