குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று பரிணாமவியல் சொல்வதே இல்லை, ஆகவே "அப்படியானால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?" என்று உங்கள் மாணவர் கேட்டதற்கு, மனிதனும் சிம்பன்சியும் ஏறத்தாழ 60–70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதையிடமிருந்து பிரிந்த இரு கிளைகள் என்பதே விடை.

குழப்பத்துக்கு ஒரு காரணம், குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் பழைய வரிசைப் படம் (வகுப்பறைச் சுவரில் இருந்தால் கழற்றிவிடுங்கள்).

பொது மூதாதைக்குச் சான்றாக, சிம்பன்சிக்கு 48 குரோமோசோம்கள் (உயிரணுவில் மரபணுக்களைத் தாங்கும் இழைகள்), நமக்கு 46 என்று மட்டும் சொல்லி, அந்த ஓர் இணை எங்கே போனது என்று மாணவர்களையே ஊகிக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு, வழக்கமாகக் குரோமோசோமின் முனைகளில் இருக்கவேண்டிய டெலோமியர் எனும் டி.என்.ஏ. வரிசைகள் நம் 2ஆம் குரோமோசோமின் உட்பகுதியில் நேருக்கு நேர் முட்டி நிற்பதைக் காட்டுங்கள்; மூதாதையின் இரு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி ஒன்றானதன் தடயம் அது.

ஆனால் "இதை நம்புகிறாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள், சான்றை விளக்கத் தெரிகிறதா என்பதே மதிப்பெண்ணுக்குரியது.