காலையில் வண்டியை எடுத்தால் காது கிழிகிறதா? சைலன்சர் திருட்டு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான். நிறுத்தி வைத்த வண்டிக்கு அடியிலிருந்து, சைலன்சர் லைனில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

கேள்வி (அம்பத்தூர்): டிபன் சப்ளைக்கு ஒரு மாருதி ஈகோ வைத்திருக்கிறேன். தெருவில் வரிசையாக வண்டிகள் நின்றன, என்னுடையதில் மட்டும் சைலன்சரைக் காணோம். ஏன் ஈகோவையே குறி வைக்கிறார்கள்?

பதில்: உங்கள் தெருவில் மட்டும் இல்லை சார், குஜராத், மகாராஷ்டிரா, பெங்களூரு என்று நாடு முழுக்க இதே வண்டி, இதே கதை. காரணம் ரொம்ப சாதாரணமானது. ஈகோவுக்கு அடியில் எட்டுவது சுலபம், ஒரு ஆள் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்துவிடலாம். இப்போது வரும் சின்ன கார்கள் பலவற்றில் கன்வர்ட்டர் பானட்டுக்குள், என்ஜினை ஒட்டியே இருக்கும், அதை எடுக்கப் பாதி என்ஜினைப் பிரிக்க வேண்டும். ஈகோவில் அது வண்டிக்கு அடியில் போகும் சைலன்சர் லைனிலேயே இருக்கிறது, நாலு நட்டைத் திருகினால் கையில் வந்துவிடும். போதாததற்கு வாடகை, சப்ளை என்று ஓடும் வண்டி, ராத்திரி தெருவில்தான் நிற்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். டார்ச் அடித்து அடியில் பாருங்கள். பைப் முனையில் இருக்கும் பட்டைத் தட்டு முழுசாக இருந்து, துருவுக்கு நடுவே போல்ட் துளைகளைச் சுற்றிப் புதிதாகப் பளபளவென்று கீறல் தெரிந்தால், ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள். பைப்பே பிசிறு பிசிறாக அறுபட்டிருந்தால் பேட்டரி ரம்பம். ஆக்சிஜன் சென்சார் ஒயர் அறுந்து தொங்குகிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் அறுத்திருந்தால் பைப், சென்சார், ஒயரிங் எல்லாமே பில்லில் வரும், இன்ஷூரன்ஸில் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி (மதுரை): அதற்குள் தங்கத்தை விட விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? என் பழைய கார் சும்மா கிடக்கிறது, நானே உடைத்து எடுத்தால் என்ன?

பதில்: உண்மைதான், ஆனால் கிராம் கணக்கில். உள்ளே தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகளோடு ஒரு செராமிக் கட்டி இருக்கும், அதன் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்ஸைடுகள் எல்லாம் அந்தப் பூச்சின் மேல் பட்டுத்தான் ஓரளவு சாதுவாகி வெளியே வருகின்றன. ஒரு சாதாரண காரில் மூன்றும் சேர்த்தே சில கிராம்தான்.

ஆனால் அந்தச் சில கிராமின் விலை போன போக்கைப் பாருங்கள். 2016-ல் ஒரு அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) ரோடியம் ஆயிரம் டாலருக்கும் கீழே. 2021 மார்ச்சில் 29,000 டாலரைத் தொட்டது, அன்றைய தங்க விலையைப் போல பதினைந்து மடங்குக்கு மேல். உலக ரோடியத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது, அங்கே ஒரு ஆலையில் தடங்கல் என்றால் விலை எகிறிவிடும். பல்லேடியத்துக்கு ரஷ்யா பெரிய மூலம், அதனால் 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய கையோடு அதுவும் 3,000 டாலரைத் தாண்டியது. திருட்டும் கூடவே ஏறியது. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஆனவை மட்டும் 2018-ல் 1,298, 2020-ல் 14,433, 2022-ல் 64,701. அப்புறம் ரோடியம் அந்த உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது, ஆனால் ஒருமுறை கை பழகிய கும்பல் விலை இறங்கியதும் வேறு வேலை தேடிப் போய்விடுவதில்லை.

நீங்களே எடுப்பதை மறந்துவிடுங்கள். அந்தச் செராமிக்கை உடைத்தால் பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, வீடியோ பார்த்து ஆசிட்டில் ஊற வைத்தால் வரும் புகை அதைவிட மோசம். கிராம் கணக்கில் கிடக்கும் உலோகத்தைப் பிரிக்க பெரிய சுத்திகரிப்பு ஆலை வேண்டும். பழைய காரை அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கன்வர்ட்டரோடு சேர்த்துக் கொடுங்கள், கன்வர்ட்டர் இருக்கிறது என்று சொல்லியே விலை பேசுங்கள்.

கேள்வி (செங்கல்பட்டு): திருட்டுப் போன இடத்தில் வெறும் பைப் வைத்து வெல்டிங் செய்து தருகிறேன், சில ஆயிரத்தில் முடிந்துவிடும் என்கிறார் மெக்கானிக். வண்டி நன்றாக ஓடும், பிக்கப் கூட ஏறும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வண்டி ஓடும், அது பொய் இல்லை. மற்றதைக் கேளுங்கள். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் ‘இங்கே சுத்திகரிப்பு நடக்கவே இல்லை’ என்று கண்டுபிடித்து டேஷ்போர்டில் என்ஜின் விளக்கைப் போட்டுவிடும், ஸ்கேனரில் பி0420 என்ற கோளாறு எண் வரும். அந்த விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தால் நாளைக்கு நிஜமாகவே வேறு கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. புகைச் சான்றிதழ் நேர்மையாக எடுத்தால் தேறாது. (நேர்மையில்லாமல் எடுக்கும் இடங்கள் எனக்கும் தெரியும், அந்தப் பேச்சு வேண்டாம்.) மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் காற்று மாசு விதியை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம், மூன்று மாதம் லைசென்ஸுக்கும் ஆபத்து.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை வேறு. ஈகோவில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அவசர வெல்டிங்கில் ஒரு சின்ன ஓட்டை விட்டால் கூட சுத்திகரிக்காத புகை உள்ளே ஏறும், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது. ஏ.சி. போட்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டியென்றால் யோசிக்கவே வேண்டாம். பணம் புரளும் வரை ஓட்டியே ஆக வேண்டுமென்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு பட்டறை வரை மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி (கோவை): இன்ஷூரன்ஸில் கிடைக்குமா? ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பதில்: தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் ஒரு பைசா வராது. காம்ப்ரஹென்சிவ் பாலிசியில் காரின் பாகம் திருட்டுப் போனதற்கும் கவர் உண்டு. ஆனால் முழு விலை வராது, வயதுக்கேற்ப தேய்மானம் கழிப்பார்கள். இரும்பு பாகங்களுக்கு இரண்டிலிருந்து மூன்று வருடம் என்றால் 15 சதவீதம், மூன்றிலிருந்து நாலுக்கு 25, ஐந்திலிருந்து பத்துக்கு 40. பேச்சுக்கு, மூன்றரை வருட வண்டிக்குப் பாகத்தின் விலை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 தேய்மானம், 1500 சி.சி. வரையிலான தனியார் காருக்குக் கட்டாயக் கழிவு 1,000, ஆக 29,000 கைக்கு வரும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) எடுத்திருந்தால் அந்தப் பத்தாயிரமும் மிச்சம். கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும், 50 சதவீதத்தில் இருக்கிறவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். கேட்டு வாங்குங்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீதுதான், பல கம்பெனிகள் அதை ஏற்காது. திருட்டு என்பது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303-ல் வரும் குற்றம், வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்து மூலம் தபாலில் அனுப்பலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4) அதற்கு வழி விடுகிறது. இன்னொன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்க்கும் முன் புது பாகம் மாட்டிவிடாதீர்கள், ‘எதைக் காணோம் என்று நான் எப்படி நம்புவது’ என்பார். அம்பத்தூர் நண்பருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வெள்ளை போர்டு வண்டியை வியாபாரத்துக்கு ஓட்டினால் கிளெய்மில் அதையும் தோண்டுவார்கள், தயாராக இருங்கள்.

கேள்வி (திருச்சி): காயலான் கடை வைத்திருக்கிறேன். எவனோ கொண்டு வந்து போடுகிறான், எடைக்கு எடுக்கிறேன். திருட்டுப் பொருள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னைப் பிடித்து என்ன பயன்?

பதில்: அண்ணே, தெரியும். ஒரே ஆள் வாரத்துக்கு ஐந்து ஈகோ சைலன்சர் கொண்டு வந்தால், அதுவும் நல்ல நிலையில் இருப்பதை, அவன் என்ன பட்டறையா வைத்திருக்கிறான்? உடைத்துத் தூளாக மூட்டையில் கட்டி வந்தால் இன்னும் தெளிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் நியாய சன்ஹிதா 317 உங்கள் மேல் பாயும், அந்த ‘நம்பக் காரணம்’ என்ற வார்த்தையில்தான் கடைக்காரர்கள் மாட்டுகிறார்கள்.

உங்களைப் பிடிப்பதில் பயன் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெருவில் படுத்துக் கழற்றுகிற பையன் அந்தத் தூளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, வாங்க ஆள் இருப்பதால்தான் கழற்றுகிறான். அமெரிக்காவில் 2022 நவம்பரில் அரசு கை வைத்தது வாங்கி விற்கும் சங்கிலியின் மேல்தான். 21 பேர் மேல் நடவடிக்கை, நியூஜெர்சியில் இருந்த ஒரு கம்பெனி மட்டுமே தூளாக்கி சுத்திகரிப்பு ஆலைக்கு விற்றது 54 கோடி டாலருக்கு மேல் என்று குற்றச்சாட்டு. ஆர்.சி. நகல், அடையாள அட்டை, வண்டி நம்பர் மூன்றும் வாங்கிவிட்டு, வங்கி மூலம் பணம் கொடுங்கள். இந்த மூன்றையும் கேட்ட உடனே நடையைக் கட்டுகிறவனிடம் நீங்கள் வாங்க வேண்டியதே இல்லை.

கேள்வி (சேலம்): பிக்கப் குறைகிறது என்று ஒரு பட்டறைக்குப் போனேன். ‘அடைத்துக்கொண்டது, குடைந்து விட்டேன்’ என்றார். பிக்கப் வந்துவிட்டது. ஏதாவது பிரச்சினையா?

பதில்: உங்கள் கன்வர்ட்டரின் உள்பக்கம் போய்விட்டது, நீங்களே கூலியும் கொடுத்திருக்கிறீர்கள். வெளியே டப்பா அப்படியே இருக்கும், உள்ளே காலி. கன்வர்ட்டர் நிஜமாகவே அடைபடுவது உண்டு, ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரணம் இருக்கும்: பிளக் சரியாக எரியாமல் பெட்ரோல் உள்ளே போவது, என்ஜின் ஆயில் குடிப்பது. அதைச் சரி செய்யாமல் புதுசு போட்டாலும் அடைக்கும். குடைந்து எடுத்த கட்டி எங்கே என்று கேளுங்கள், முகம் மாறுகிறதா பாருங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களும் கவனியுங்கள். என்ஜின் குளிர்ந்த பிறகு டப்பாவை ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே காலியாக இருந்தால் ஓசை தனியாகத் தெரியும், ஸ்கேனர் வைத்துப் பழைய கோளாறு எண் அழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (லண்டன், ஹேரோ): பழைய ஹோண்டா ஜாஸ். சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில், பட்டப்பகலில் எடுத்துவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

பதில்: மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஜாக்கி வைத்துத் தூக்கினால் பார்க்கிறவர்கள் ரிப்பேர் என்றுதான் நினைப்பார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். நேரில் பார்த்தாலும் கிட்டே போகாதீர்கள், கையில் இரும்பு வைத்திருப்பார்கள், 999-ஐக் கூப்பிடுங்கள். கன்வர்ட்டர் இல்லாமல் எம்.ஓ.டி. (அங்கே வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) தேறாது. இங்கிலாந்தில் 2013 சட்டப்படி பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுக்கவே கூடாது, இருந்தும் கறுப்புச் சந்தை நடக்கிறது. புதுசு போட்டதும் பூட்டுத் தகடும் அழியாத அடையாளக் குறியும் சேர்த்துப் போடுங்கள், ஒருமுறை வந்தவர்கள் புதுசு மாட்டிய பிறகு திரும்பி வருவதுண்டு.

கேள்வி (கலிபோர்னியா, ஃப்ரீமாண்ட்): 2008 ப்ரியஸ். ஹைப்ரிட் என்றால் ஏன் இவ்வளவு கிராக்கி?

பதில்: ஹைப்ரிட்டில் என்ஜின் பாதி நேரம் தூங்குகிறது, அதனால் பூச்சு அவ்வளவாகத் தேயாது, அதிலும் 2004-09 ப்ரியஸில் உலோகமும் தாராளம். மாற்றும்போது உங்கள் மாநிலக் காற்று வள வாரியமான கார்பின் அனுமதி எண் பொறித்ததாகத்தான் வாங்க வேண்டும், விலை அதிகம், அதனால் பழைய வண்டியை இன்ஷூரன்ஸ்காரர்களே டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவதும் நடக்கிறது. அடியில் அலுமினியக் கவசத் தகடு போட்டுவிடுங்கள், அந்தச் செலவு வீண் இல்லை.

கேள்வி (பலர்): பைக்கில் இருக்கிறதா? எலக்ட்ரிக் காரில்?

பதில்: பி.எஸ்.6 பைக்கில் சின்னதாக இருக்கிறது, திருடனுக்கு அது கட்டுப்படியாகாது. எலக்ட்ரிக்கில் புகையே கிடையாது, கன்வர்ட்டரும் கிடையாது.

கேள்வி (தாம்பரம்): ஈகோவுக்கு லாக், கூண்டு என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா, இல்லை நட்டை வெல்டிங் வைத்துவிடட்டுமா?

பதில்: கூண்டு நல்லது, ஆனால் அதை மாட்டும் போல்ட் சாதாரண ஸ்பேனருக்குத் திரும்புகிறதென்றால் காசு தண்டம். இறுக்கியதும் தலை உடைந்து விழுகிற வகை போல்ட் கேட்டு வாங்குங்கள். காற்றுப் போக இடம் விட்ட கம்பிக் கூண்டாக இருக்கட்டும், கன்வர்ட்டர் ஓடும்போது நானூறு டிகிரிக்கு மேல் கொதிக்கிற சாமான், மூடித் தகடு அடித்தால் சூடு தேங்கும். நட்டுக்கு ஒரு பொட்டு வெல்டிங் வைப்பதும் பலன் தரும், நம் பட்டறைகளில் அதுதான் மலிவு. ஆனால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் தொட வேண்டும், இல்லையென்றால் என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யூ. போய்விட வாய்ப்பு இருக்கிறது. சி.என்.ஜி. வண்டியென்றால் தெருவோரப் பட்டறையில் வெல்டிங்கே வேண்டாம், கூண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டி நம்பரைக் கன்வர்ட்டர் டப்பாவின் மேல் பொறித்து வையுங்கள், அது திருட்டைத் தடுக்காது, ஆனால் கடையில் பிடிபட்டால் யாருடையது என்று சொல்லும். நிறுத்தும்போது பக்கத்தில் சுவரோ இன்னொரு வண்டியோ நெருக்கமாக இருக்கும்படி நிறுத்துங்கள், படுத்து நகர இடம் இல்லையென்றால் அடுத்த ஈகோவைத் தேடிப் போவான். அடுத்த சர்வீஸில் சைலன்சரைக் கழற்ற வேண்டி வந்தால் கூண்டு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அதை அறுக்கும் கூலியும் உங்கள் தலையில்தான்.