கல்லூரி மாணவர்களிடையே ஊழியம் செய்யும் இளம் தம்பதியின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஜனவரியில் கல்யாணம், அதற்குப் பிறகு இருவரும் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு கிறிஸ்தவ மாணவர் ஊழியத்துக்கு வரலாமா என்று யோசிக்கிறோம், வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் கணவரும் ஈரோட்டில் நான்கு வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறோம். எங்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள். எங்கள் வீட்டில் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

கூட்டம், வேதபாடம், முகாம் என்று வெளியே தெரிவதெல்லாம் வாரத்தில் சில மணி நேரம்தான். மீதி நேரம் சோறு பொங்குவதிலும், பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதிலும், பஸ் ஸ்டாப்பில் நிற்பதிலும் போகிறது. வீட்டுக் கதவை எப்போது திறந்து வைப்பது, எப்போது சாத்துவது என்பதை இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டதுதான் இந்த நான்கு வருடத்தில் எங்களுக்குக் கடினமான பாடம்.

முதலில் நேரக் கணக்கு. வேலைக்குப் போகிறவர்களின் நாள் காலையில் தொடங்கும், எங்கள் நாள் மாணவர்களின் வகுப்பு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. காலை ஐந்தேகாலுக்கு எழுந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வேதம் வாசிப்போம், ஜெபிப்போம். மகள் எழுந்துவிட்டால் ஒருவர் மடியில் அவள் இருப்பாள். பகலில் வேதபாடத்துக்குத் தயாரிப்பது, ஆதரவாளர்களுக்குக் கடிதம் எழுதுவது, படித்து முடித்து வேலைக்குப் போன பழைய மாணவர்களைப் பார்ப்பது என்று போகும். மூன்றரை மணிக்கு மேல் இவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஒரு நாள் சித்தோடு பக்கம், ஒரு நாள் பெருந்துறை, ஒரு நாள் திருச்செங்கோடு என்று கிளம்புவார். அனுமதி இல்லாத கல்லூரிக்குள் நாங்கள் போவதில்லை. வெளியே டீக்கடையிலோ, பக்கத்து ஆலயத்திலோ, மாணவன் தங்கியிருக்கும் அறையிலோதான் சந்திப்பு. இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பகுதியை வாசித்து, புரிந்ததைப் பேசி, ஜெபித்துவிட்டு எழுவார்கள். அவ்வளவுதான்.

மாணவிகள் என் பொறுப்பு. பெண்கள் விடுதியில் ஆறு, ஆறரைக்குள் உள்ளே இருக்க வேண்டும் என்பதால் அவர்களுக்கு மாலையில் நேரமே கிடைக்காது. அதனால் சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது எங்கள் ஊழியத்துக்கு எவ்வளவு உதவி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. போக வரச் செலவாகுமே என்று யாரும் தயங்குவதில்லை. எங்கள் மகள் யார் மடியில் இருக்கிறாள் என்று மணிக்கொரு தரம் நான் தேட வேண்டியிருக்கும். என்னை எல்லோரும் அக்கா என்பார்கள், இவரை அண்ணா என்பார்கள். அண்ணன் பெண்டாட்டி அண்ணிதானே என்று ஆரம்பத்தில் தோன்றியது. ஆனால் இவர் வழியாக இல்லாமல் என்னிடம் நேராக வருகிறார்கள் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அது எனக்குப் பிடித்துப் போயிற்று.

வெள்ளிக்கிழமை இரவு வெளியே அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களும் ஊரிலிருந்தே படிக்க வந்துபோகும் பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் சாப்பிடுவார்கள். பெரும்பாலும் அரிசிம்பருப்புச் சாதம்தான். ஒன்றரைக் கிலோ அரிசிக்கு நானூறு கிராம் துவரம்பருப்பு, கை நிறைய பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், அரைக்கிலோ சின்ன வெங்காயம். மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம், தயிர். ஒரே குண்டாவில் முடிந்துவிடும். அதில் வெங்காயம் உரிப்பதுதான் பெரிய வேலை. அந்த வேலையை மட்டும் நான் முன்னாலேயே முடித்து வைப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வருடம் அக்டோபரில் ஒரு பெண் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்தாள். இரண்டாம் வருடம் படிக்கிறாள், கோயிலுக்குப் போகிற குடும்பம், தோழியோடு சாப்பிட வந்து பழகியவள். "என்ன கண்ணு, நேரமே வந்துட்ட?" என்றேன். "சும்மாதானுங்க்கா" என்றாள். முறத்தையும் கத்தியையும் அவள் பக்கம் தள்ளினேன். தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். நுனியை நறுக்கி, தோலை ஒரே இழுப்பில் எடுத்து, உரித்ததை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பாதி முறம் முடிந்த பிறகு தலையை நிமிர்த்தாமலேயே, "அப்பா தறிய வித்துட்டாருங்க்கா. பரீட்சைக்குப் பணம் கட்டல" என்றாள். பள்ளிபாளையத்தில் வீட்டோடு விசைத்தறி வைத்திருந்த குடும்பம். அந்த வார்த்தையை வெளியே சொல்ல அவளுக்குக் கண்ணீருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. எதிரெதிரே நாற்காலி போட்டு, "என்ன பிரச்சனை, சொல்லு" என்று நான் கேட்டிருந்தால் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டாள்.

அன்று இரவே அவள் அம்மாவிடம் என் போனிலிருந்து பேசினேன். எங்களோடு இருக்கும் பட்டதாரிகளில் மூன்று பேர் சேர்ந்து கட்டணத்தைக் கட்டினார்கள். அடுத்த வாரம் அந்த அம்மா ஒரு மஞ்சள் பை நிறைய முருங்கைக்காயோடு வீட்டுக்கு வந்தார். இதில் எங்களுக்கு ஒரு உறுதி உண்டு: உதவிக்கும் ஜெபத்துக்கும் முடிச்சுப் போடக் கூடாது. சாப்பிட வரும் பிள்ளை கூட்டத்துக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பணம் கொடுத்த குடும்பத்திடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பது, இரண்டும் அந்தப் பிள்ளைக்குச் செய்கிற துரோகம். நாங்கள் எதை நம்புகிறோம் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வோம். பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் செய்யச் சொல்ல மாட்டோம். அந்தப் பெண் இப்போது மூன்றாம் வருடம். இன்னும் வெள்ளிக்கிழமை வருகிறாள், கூட்டத்துக்கு உட்காருவதில்லை, மகளைத் தூங்க வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

அடுத்து, நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். கல்யாணமான முதல் வருடம் ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. மூன்று வாரமாக நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. அன்றைக்கு யாரும் வருவதாக இல்லை என்பதால் பள்ளிபாளையம் சிக்கன் செய்து, தேங்காய்ப் பல்லெல்லாம் கீறிப் போட்டு, இரண்டு பேருக்கு அளவாக வைத்திருந்தேன். எட்டு மணிக்கு இவர் நான்கு பையன்களோடு வந்து நின்றார். விடுதியில் ஏதோ சண்டை, யாரும் சாப்பிடவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து, வாங்கப்பா என்று உட்கார வைத்து, தோசை ஊற்றி எல்லோருக்கும் போட்டேன். போன பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பதினோரு மணி வரை பாத்திரம் தேய்த்தேன். இவர் ஈரத் துணியை எடுத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டே நின்றார். "பசங்க வந்தது தப்பில்லைங்க. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள் உட்கார்ந்து பேசினோம். அன்றிலிருந்து திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குக் கதவு சாத்தப்படும். இருவர் போனும் பீரோவுக்குள் போய்விடும். மாணவத் தலைவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பட்டதாரித் தம்பதியின் எண்ணைக் கொடுத்திருக்கிறோம். ஆண்டவருடைய வேலையில் கணக்குப் பார்க்கலாமா என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். என் பதில் இதுதான்: ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் என்ற தம்பதி அப்பொல்லோ என்ற போதகரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு விளக்கிச் சொன்னார்கள் என்று வேதத்தில் வாசிக்கிறோம். சேர்த்துக்கொள்ள முதலில் அவர்கள் இருவரும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் கூடாரம் செய்து பிழைத்தவர்கள், அவர்களுக்கும் வேலை நேரம், வீட்டு நேரம் இருந்திருக்கும்.

இதோடு சேர்த்து உங்கள் வருங்கால மனைவிக்காக ஒன்று. கணவர் ஊழியர், மனைவி அவருக்குச் சமைத்துப் போடுகிறவர் என்று பல இடங்களில் தானாகவே ஆகிவிடுகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, ஆனாலும் ஆகிவிடுகிறது. அவருக்கும் சொந்தமாகப் பயிற்சி, படிக்க நேரம், சொந்தமாக நான்கு மாணவிகள் வேண்டும். அமெரிக்காவில் கேம்பஸ் குருசேட் என்ற மாணவர் ஊழிய அமைப்பு 1951-ல் தொடங்கியபோது பில் பிரைட்டும் அவர் மனைவி வோனெட்டும் கல்யாணமாகிச் சில வருடமே ஆன தம்பதி, இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அதைத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் மகளை இவர் பார்த்துக்கொள்வார், நான் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். வருகிற மாணவர்களே அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

பணம். இந்தியாவில் யு.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்பு 1954-ல் தொடங்கியதிலிருந்து, மாணவர்கள் தாங்களே குழுவை நடத்துவது, படித்து முடித்த பட்டதாரிகள் அதைத் தாங்குவது என்ற வழி இருக்கிறது. எங்கள் வேலையும் அந்த வழியில்தான் நடக்கிறது. முப்பத்து நான்கு பேர் மாதாமாதம் கொடுக்கிறார்கள், சிலர் இருநூறு ரூபாய். அப்படி இருநூறு அனுப்புகிறவர்களில் ஒருவன் எங்களிடம் வேதபாடம் படித்த பையன், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். நல்ல மாதத்தில் இருபத்தாறாயிரம் வரும், மே மாதத்தில் பதினெட்டுக்கும் இறங்கும். வாடகை ஏழாயிரத்து ஐநூறு. ஆறு மாத வாடகையைத் தனியாகச் சேர்த்து வைத்துவிட்டு வேலையை விடுங்கள். இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒறம்பரை, அதாவது உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். "மாப்பிள்ளை எங்க வேலையில இருக்கறாருங்க?" என்று கேட்டால் எங்கப்பா முதல் இரண்டு வருடம் பேச்சை மாற்றிவிடுவார். இவர் பி.இ. முடித்து நல்ல சம்பளத்தில் இருந்தவர் என்பதால் அப்பாவுக்கு அது ஆறவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோபியிலிருந்து எதேச்சையாக வந்தவர் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு சிப்பம் அரிசி வந்து இறங்கியது. உங்கள் பெற்றோரிடம் வாதாட வேண்டாம். ஒரு தரம் வரச் சொல்லுங்கள்.

நவம்பரில் செமஸ்டர் வந்துவிட்டால் வீடு வெறிச்சோடிவிடும். டிசம்பரில் முகாம். போன முகாமுக்கு இவர் நான்கு நாள் போயிருந்தபோது எனக்கும் மகளுக்கும் ஒன்றாகக் காய்ச்சல். கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா, வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், மூன்று நாளும் கொள்ளு ரசமும் குழைந்த சோறும் கொண்டு வந்து, "எந்திரிச்சு ரெண்டு வாய் குடி அம்மிணி" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். படியேறும் செருப்புச் சத்தத்தைப் பற்றி ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை. வீடு பார்க்கும்போதே வாரத்துக்கு இத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லித்தான் குடிவந்தோம். நீங்களும் சொல்லிவிடுங்கள், வாடகை ஐநூறு கூடினாலும் பரவாயில்லை.

முடிவெடுக்கும் முன்னால் இருவரும் ஈரோட்டுக்கு வந்து இரண்டு நாள் எங்களோடு தங்குங்களேன். இங்கே கருத்தில் எழுதினால் தேதி பேசிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வந்துவிட்டால் நல்லது. முறமும் கத்தியும் இரண்டு செட் இருக்கிறது.