மினி ஹஸ்கியை நம்பிக் கோழியை விடலாமா?

கேள்வி: நாற்பது கோழிகளும் சில ஆடுகளும் வைத்திருக்கிறேன். முகம் அப்படியே ஹஸ்கி, உருவம் மட்டும் சின்னது, தீனியும் குறைவு என்று ஒரு குட்டியைக் காட்டினார்கள். பண்ணைக் காவலுக்கு வாங்கலாமா?

பதில்: காவலுக்கு என்றால் வேண்டாம். அதிலும் கோழி அவிழ்ந்து மேயும் இடத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

இந்த இனத்துக்குப் பெயர் அலாஸ்கன் க்ளீ காய். 1970களில் அமெரிக்காவின் அலாஸ்காவில் வசில்லா ஊரில் லிண்டா ஸ்பர்லின் என்பவர் பனிவண்டி இழுக்கும் ஹஸ்கிகளோடு ஷிப்பர்கி, அமெரிக்கன் எஸ்கிமோ போன்ற சிறிய நாய்களைச் சேர்த்து உருவாக்கியது. 1988இல்தான் வெளியாருக்குக் கொடுக்க ஆரம்பித்தார். வீட்டில் கூடவே இருக்க ஒரு நாய், அதுதான் நோக்கம். ஆள் குள்ளமானாலும் ஹஸ்கியின் வேட்டைப் புத்தி அப்படியே இருக்கிறது. ஒரு கோழி சிறகடித்தால் போதும், காது முன்னால் விறைக்கும், முன்னங்கால் ஒன்று தரையை விட்டு எழும்பி அப்படியே நிற்கும், அடுத்த நொடி நீங்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் காதில் விழாது. குட்டியிலிருந்தே கோழிகளோடு பழக்கினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், நான் அதை நம்பி ஒரு கோழியைக்கூட விடமாட்டேன்.

புது ஆள் வந்தால் குரல் கொடுக்கும், அது நன்றாகவே செய்யும். ஆனால் இயல்பிலேயே அந்நியரிடம் கூச்சம், ஒதுங்கி நிற்கும். ஆட்டைக் கடிக்க வரும் தெருநாயை இது எப்படி எதிர்க்கும்? இந்த இனத்தில் பெரிய அளவு நாய்கூடத் தோள் உயரம் 17 அங்குலம், எடை பத்து கிலோவைச் சுற்றித்தான். ஆட்டுக்கும் கோழிக்கும் காவல் வேண்டுமென்றால் முதலில் இரவு அடைக்கிற பட்டியையும் கூண்டையும் பலப்படுத்துங்கள்.

சரி, வீட்டுக்கு ஆசையாக வளர்க்கத்தான் என்றால் அது வேறு பேச்சு. பாசமான, படு புத்திசாலி நாய், 12 வயதைத் தாண்டியும் வாழும். ஆனால் வாங்கும் முன் தாய், தகப்பன் இரண்டையும் நேரில் பார்த்து, தோள் உயரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள், ஏனென்றால் இரண்டு மாதக் குட்டியில் சாதாரண சைபீரியன் ஹஸ்கியும் சின்னதாகத்தான் தெரியும், வளர்ந்த பிறகு ஆண் 21 அங்குலத்துக்கு மேல் போய்விடும். பொமரேனியன் கலப்பையும் இதே பெயரில் விற்பார்கள்.

முதுகு முடியை விரலால் பிரித்தால் அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு தெரியும். வருடத்துக்கு இரண்டு தடவை அது கொத்துக் கொத்தாக உதிரும், அப்போது தினமும் சீவ வேண்டும். வெயிலுக்குப் பயந்து மழித்துவிடாதீர்கள், தோல் வெந்துபோகும். அதற்குப் பதில் நடையையும் விளையாட்டையும் விடியற்காலைக்கும் இருட்டிய பிறகுக்கும் மாற்றுங்கள்.

அப்புறம் ஒன்று, இந்த இனத்தில் இரத்தம் உறைய உதவும் ஏழாம் காரணி குறைவாக இருக்கும் பரம்பரைக் கோளாறு உண்டு. பெரும்பாலும் வெளியே தெரியாது, அறுவை சிகிச்சையின்போதுதான் இரத்தம் நிற்காமல் மாட்டிக்கொள்வோம். மரபணுப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். பெற்றோருக்கு அந்தச் சோதனை செய்த சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கருத்தடை செய்யும் முன் கால்நடை மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.